நின்றெரிகைக்கு ஒரு விளக்கு

வேன் ஓட்டி வந்த பையன் சொன்ன ஒரு வார்த்தை ஆறு வருசமாக என்னை விடவில்லை. 2019 டிசம்பர், பர்மாவின் பழைய கோயில் நகரமான பாகன், சுலமனி கோயில் வாசல். பர்மியர் சுலமனி என்று சொல்வது நம்முடைய சூளாமணிதான்; நாகப்பட்டினத்தில் ராஜராஜன் காலத்தில் எழுந்த புத்த விகாரத்துக்கும் சூளாமணி என்றே பெயர். 1183-இல் நரபதிசித்து மன்னன் கட்டிய அந்தக் கோயிலின் உச்சி 2016 ஆகஸ்ட் 24 நிலநடுக்கத்தில் உதிர்ந்து விழுந்திருந்தது. மேலே மூங்கில் சாரம். நான் அன்று பெரிய தொல்லியல்காரி மாதிரிப் பேசிக்கொண்டிருந்தேன். 1975 நிலநடுக்கத்தில் விழுந்ததை எல்லாம் தொண்ணூறுகளில் அரசாங்கம் புதுச் செங்கல் வைத்துக் கட்டிவிட்டது, எது பழசு எது புதுசு என்றே தெரியவில்லை, இடிந்ததை இடிந்தபடி விட்டிருந்தால் இன்னும் அழகாக இருந்திருக்கும் என்று. பையன் பொறுமையாகக் கேட்டுவிட்டு வெற்றிலையை ஓரமாகத் துப்பினான். "உங்க அம்மாவுக்குக் கை ஒடிஞ்சா, பார்க்க நல்லா இருக்குன்னு அப்படியே விட்டுருவீங்களா, அமா?" என்றான். பர்மியத்தில் அமா என்றால் அக்கா. ஆனாலும் அந்த வாக்கியத்தில் அது அம்மா என்றே என் காதில் விழுந்தது.

பதில் சொல்லவில்லை. சிரித்துச் சமாளித்தேன். அவனுக்கு அது இடிபாடு இல்லை, பயா, கும்பிடும் கோயில். பயாவுக்கு ஒரு செங்கல் வைத்தாலும் குதோ, புண்ணியம். தானம் கொடுத்தவர் பெயரைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள், நம்மூரில் டியூப்லைட்டில் உபயதாரர் பெயர் எழுதுவது போலவே. இந்த ஒற்றுமை அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.

நாங்கள் எங்கள் ஊரான பெகுவிலிருந்து போனது பயா பார்க்க அல்ல, ஒரு கல்லைப் பார்க்க. எங்கள் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். பதினைந்து பிள்ளைகள் வருவார்கள், மழை என்றால் ஆறு. "பர்மாவில் நாம் எப்ப வந்தோம் டீச்சர்?" என்று ஒருத்தன் கேட்டபோது, வெள்ளைக்காரன் காலத்தில், செட்டியார் கடையோடு, நெல் அறுக்க என்று வழக்கமான பதிலைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அப்பாதான், "எண்ணூறு வருசத்துக்கு முந்தியே ஒரு ஆளு வந்து கல்லு வெட்டிட்டுப் போயிருக்கானே" என்றார். அப்படிக் கிளம்பியதுதான். அப்பா, நான், தம்பி மகள்.

அந்தக் கல் பழைய பாகனுக்குத் தெற்கே மியின்கபா பக்கம் கிடைத்தது. அதே மியின்கபாவில்தான் பாலி, பியூ, மோன், பர்மியம் என நான்கு மொழியில் வெட்டிய 1113-ஆம் வருச மியாசேதி கல்வெட்டும் இருக்கிறது. பர்மியப் பாடப்புத்தகத்தில் வருவது அது. நாங்கள் தேடிப்போன தமிழ்க் கல்வெட்டைக் கல்வெட்டறிஞர் ஹூல்ட்ஷ் படித்து 'எபிகிராபியா இண்டிகா' ஏழாம் தொகுதியில் வெளியிட்டார். எழுத்தமைதியை வைத்துப் பதின்மூன்றாம் நூற்றாண்டு என்கிறார்கள். மேலே கிரந்தத்தில் ஒரு வடமொழிச் சுலோகம், கீழே தமிழ். மலைமண்டலத்து மாகோதயர்பட்டினத்து, அதாவது இன்றைய கொடுங்கல்லூர்ப் பக்கத்து, இராயிரன் சிறியான் ஆன குலசேகர நம்பி என்ற ஆள், புக்கம் ஆன அரிவத்தனபுரத்தில் நானாதேசி விண்ணகர் ஆழ்வார் கோயிலுக்கு ஒரு மண்டபம் செய்து, கதவு போட்டு, அந்த மண்டபத்தில் "நின்றெரிகைக்கு நிலைவிளக்கு" ஒன்றும் இட்டேன் என்கிறார். புக்கம்தான் பாகன். நானாதேசி என்றால் பல தேசம் போய் வணிகம் செய்த கூட்டம். மேலே உள்ள சுலோகம் முகுந்தமாலையில் வருவது: அறத்திலோ பொருளிலோ இன்பத்திலோ எனக்கு நாட்டமில்லை, முன்வினைப்படி நடப்பது நடக்கட்டும், எந்தப் பிறவியிலும் உன் திருவடிப் பற்று மட்டும் மாறாதிருக்கட்டும். பொருளில் நாட்டமில்லை என்று சொல்ல ஒரு வியாபாரி காசு கொடுத்துக் கல் வெட்டியிருக்கிறான். அப்பா இதைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் சிரித்தார்.

ஆனால் எனக்கு அந்த வரியில் ஒட்டிக்கொண்டது 'நின்றெரிகைக்கு' என்ற சொல். நின்று எரிவதற்கு. மண்டபம் இல்லை, கதவு இல்லை, விளக்கு இல்லை. எந்தக் கோயில் என்பதிலேயே ஆய்வாளர்களுக்குள் வழக்கு. கோட்டைக்குள் இன்றும் நிற்கும் நத்லாங் என்ற திருமால் கோயிலைச் சொல்வோரும் உண்டு, கல் கிடைத்த இடம் வேறு என்போரும் உண்டு. மிஞ்சியது, விளக்கு வைத்தேன் என்ற வாக்கியம் மட்டும்.

பொப்பாவின் தூக்கம்

மறுநாள் பொப்பா மலைக்குப் போனோம். பாகனிலிருந்து தென்கிழக்கே ஐம்பது கிலோமீட்டர். வழி நெடுக வறண்ட செம்மண், பனை, பனை, பனை. ஓலைக் கொட்டகையில் பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி வார்க்கிறார்கள். பக்கத்தில் மாடு கட்டிய மரச்செக்கில் கடலை ஆடுகிறது. அப்பா வேனை நிறுத்தச் சொல்லி இறங்கி, செக்கடியில் நின்று பிண்ணாக்கை விரலால் எடுத்து மோந்து பார்த்தார். அவர் ராமநாதபுரத்தைப் பார்த்ததே கிடையாது. பெகுவில் பிறந்து பெகுவிலேயே எழுபத்து மூன்று வயதானவர். ஆனாலும் "எங்க ஊரு மாதிரியே இருக்கு" என்றார். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை.

பொப்பாவில் எல்லாரும் ஏறுவது பெரிய மலையில் அல்ல. அதன் அடிவாரத்தில் நெட்டுக்குத்தாக நிற்கும் தௌங்கலா பாறையில். எரிமலையின் தொண்டைக்குள் இறுகிப்போன குழம்பு அது. சுற்றியிருந்த மண் கரைந்து போக, அது மட்டும் நிற்கிறது. 777 படி. குரங்குகள். ஒவ்வொரு திருப்பத்திலும் படி பெருக்குகிறவர்கள் காசு கேட்பார்கள். சிவப்பும் கறுப்பும் உடுத்திப் போகக்கூடாது, பன்றிக்கறி கொண்டுபோகக்கூடாது என்று விதி. முனியாண்டி கோயிலுக்குப் போய் வளர்ந்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. முப்பத்தேழு நத்துகளின், அதாவது காவல் தெய்வங்களின், ஊர் அது. அவர்களில் முக்கியமான மஹாகிரி ஒரு கொல்லன். தகௌங் ராஜா அவன் பலத்துக்குப் பயந்து மரத்தில் கட்டி எரித்தான், தங்கை அதே நெருப்பில் பாய்ந்தாள். அந்தச் செண்பக மரம் ஐராவதியில் மிதந்து பாகனுக்கு வர, அதில் இருவர் முகத்தையும் செதுக்கிப் பொப்பாவில் வைத்தார்கள். கதை முடிந்ததும் தம்பி மகள், "தீப்பாய்ஞ்ச அம்மன் இங்கயும் இருக்காளா அத்தை?" என்றாள். பர்மியர் வீட்டில் சிவப்புத் துணி கட்டித் தொங்கும் தேங்காய் அந்த அண்ணனுக்குத்தான். தீக்காயத்துக்கு இளநீர் குளிர்ச்சி.

உச்சியில் அப்பா மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார், "எரிமலைன்னு கூட்டிட்டு வந்த, புகையைக் காணோமே?" பொப்பா கடைசியாக வெடித்து எட்டாயிரம் வருசம் ஆகியிருக்கும் என்கிறார்கள். ஆயிரத்து ஐந்நூறு மீட்டருக்கு மேல் உயரம், வடமேற்குப் பக்கம் அப்படியே சரிந்து வாய் பிளந்து கிடக்கிறது. எரிந்த மண்ணில்தான் ஊற்றும் காடும்; சுற்றி எல்லாம் பொட்டல், இது மட்டும் பச்சை. பொப்பா என்ற பெயரே புஷ்பம் என்பதிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். டிரைவர் பையன் சொன்னான்: "அது தூங்குது. யாருக்கும் ஒரு தொந்தரவும் பண்ணாது."

வீட்டுக்கு வந்து படித்தபோதுதான் அந்தத் தூக்கத்தின் அடியில் என்ன நடக்கிறது என்று புரிந்தது. இந்தியா இருக்கும் நிலத்தட்டு வங்காள விரிகுடாப் பக்கமிருந்து பர்மாவின் அடியில் சாய்வாகச் சொருகிக்கொண்டு போகிறது. ஆழம் போகப் போக அந்தத் தட்டு தன்னிடமுள்ள நீரைக் கக்குகிறது. நீர் பட்ட மேல்பாறை சீக்கிரம் உருகும். உருகியது மேலே வந்ததுதான் பொப்பா. அதே தட்டு ஆழத்தில் வளையும்போது முறியவும் செய்யும். 2016-இல் சவுக் பக்கம் நிலத்துக்கு அடியில் எண்பது கிலோமீட்டருக்கு மேல் ஆழத்தில் முறிந்தது அதுதான், 6.8 அளவு, பாகனில் நானூறு கோயிலுக்குப் பக்கம் சேதம். ஆக, மலையை உருக்கியதும் சுலமனி உச்சியைத் தள்ளியதும் ஒரே ஆள். அந்த ஆள் நம்மூரிலிருந்து வருகிறான் என்பது எனக்குக் கொஞ்சம் சங்கடமாகக்கூட இருந்தது. எங்களை இங்கே 'கலா', அந்நியர், என்று கூப்பிடுகிறவர்களுக்கு இது தெரியாமல் இருப்பதே நல்லது.

அப்பத்தாவின் மே மாசம்

பெகுக்காரர்களுக்கு பூமி ஆடுவது புத்தக விஷயமில்லை. நாடு முழுக்க வடக்குத் தெற்காக ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடும் சகாயிங் பிளவு எங்கள் ஊர்ப் பக்கமாகத்தான் போகிறது. மேற்குப் பக்கம் வடக்கே நகர்கிறது. கிழக்குப் பக்கம் அதைப் பிடித்து இழுக்கிறது. வருசத்துக்கு ஏறக்குறைய பதினெட்டு மில்லிமீட்டர், சரியாக ஒரு விரற்கடை. நகரவேண்டியது நகராமல் முட்டிக்கொண்டு நிற்கும் வருசங்களைத்தான் நாம் அமைதி என்கிறோம்.

1930 மே 5 இரவு பெகுவில் முட்டு விலகியது. ஐந்நூறு பேர் போனார்கள். ஷ்வேமோடோ பயா சரிந்து செங்கல் மேடானது. அப்பத்தாவுக்கு அப்போது ஒன்பது வயது; அரிசி ஆலைக் கூலி லைனில் வீடு. "கூரை வீடு, அதனால பொழச்சோம், மச்சு வீட்டுக்காரங்கதான் மண்ணுக்குள்ள போனாங்க" என்பாள். அதே மாசக் கடைசியில் ரங்கூன் துறைமுகத்தில் பர்மியருக்கும் இந்தியக் கூலிக்காரர்களுக்கும் கலவரம், கொலை. அப்பத்தா இரண்டையும் ஒரே வாக்கியத்தில் முடிச்சுப் போடுவாள்: "மாச மொதல்ல பூமி ஆடுச்சு, மாசக் கடைசியில மனுசன் ஆடுனான்." டிசம்பரில் பியூ என்ற ஊரில் இன்னொரு முறை ஆடியது. 1942-இல் ஊரே கால்நடையாக இந்தியாவுக்குக் கிளம்பியபோதும், அறுபதுகளில் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டு கப்பல் கப்பலாக அனுப்பியபோதும், எங்கள் குடும்பம் எதனாலோ போகவில்லை. ஷ்வேமோடோவை ஐம்பதுகளின் தொடக்கத்தில் பழையதைவிட உயரமாகக் கட்டினார்கள். 1917 ஆட்டத்தில் உச்சியிலிருந்து விழுந்த ஒரு செங்கல் பாளத்தை மட்டும், லாரி அளவுக்கு இருக்கும், விழுந்த வாக்கிலேயே அடியில் விட்டு வைத்திருக்கிறார்கள். சின்ன வயதில் அதன் மேல் ஏறி விளையாடி அடி வாங்கியிருக்கிறேன். கட்டுவதும் விடுவதும் ஒரே பயாவில் இருக்கிறது. டிரைவர் பையனுக்கு இதைச் சொல்லியிருக்கலாம் என்று பிற்பாடு தோன்றியது.

ஒரு கை

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை, பகல் ஒன்றுக்குப் பத்து நிமிடம். ரம்ஜான் மாதத்தின் கடைசி ஜும்மா. மாண்டலேயிலும் சகாயிங்கிலும் தொழுகைக்குக் கூடியிருந்தவர்கள் மேலேயே பள்ளிவாசல்கள் விழுந்தன. 7.7 அளவு. நானூறு கிலோமீட்டருக்கு மேல் நிலம் கிழிந்தது, மாண்டலேக்கு வடக்கிலிருந்து நேப்பிதோ தாண்டித் தெற்கே வரை. 1934-இல் திறந்த பழைய ஆவாப் பாலம் ஐராவதியில் படுத்துக்கொண்டது. அரசுக் கணக்கிலேயே மூவாயிரத்து எழுநூறுக்கு மேல் சாவு. தாஜி பக்கம் ஒரு சூரிய மின்நிலைய வாசல் கேமராவில் பதிந்த படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்: கேட்டுக்கு அந்தப்பக்கம் நிலம் ஒண்ணரை நொடிக்குள் இரண்டரை மீட்டர் நழுவிப் போகிறது, யாரோ கம்பளத்தை இழுத்த மாதிரி. மாண்டலே பக்கம் இதற்கு ஈடாகப் பெரிதாக ஆடியது 1839-இல். மிங்குன் பயாவை இரண்டாகப் பிளந்தது அதுதான். 186 வருசம், 186 விரற்கடை. கூட்டிப் பார்த்தால் மூன்று மீட்டருக்கு மேல் வருகிறது. அன்றிரவு காகிதத்தில் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு, 1930-இலிருந்து எங்கள் பெகுவுக்கும் போட்டேன். பிறகு காகிதத்தைக் கிழித்துவிட்டேன்.

பாகன் இந்த முறை பெரும்பாலும் தப்பியது. எங்கள் ஊரில் ஆட்டம் மாண்டலே அளவுக்கு இல்லை. ஆனால் எங்கள் அம்மன் கோயில் கோபுரத்தில் ஒரு கலசம் சாய்ந்தது, இரண்டாம் நிலையில் வாய் பிளந்த விரிசல், சில சுதைப் பொம்மைகள் விழுந்தன. மறுநாள் காலை கொத்தனாரோடு நானும் மேல்தளத்தில் ஏறினேன். காலடியில் ஒரு கை கிடந்தது. முழங்கைக்குக் கீழே முறிந்த, நீலச் சாயம் பூசிய கை. விரல்கள் அபயம் காட்டியபடியே இருந்தன. முறிந்த இடத்தில் துருப்பிடித்த கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. சிமெண்டுக்குள் மாட்டுக் கொட்டகைக் கம்பியை முறுக்கி வைத்திருக்கிறார்கள். எடுத்துப் பார்த்தேன். ஒரு குழந்தையின் கை அளவு கனம். எப்போது உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை; கொத்தனார் வந்து, "என்னம்மா, எழுந்திரிங்க" என்றார். உடனே ஒட்டணும், இன்னைக்கே ஒட்டணும் என்றுதான் தோன்றியது. பழமை, அசல், நம்பகம் என்று நான் பாகனில் பேசிய ஒரு சொல்லும் கிட்டே வரவில்லை. பையன் கேட்ட கேள்விக்குப் பதில், ஐந்து வருசமும் சில மாசமும் கழித்து, என் மடியிலேயே கிடந்தது.

நம் மரபிலும் பின்னமான உருவத்துக்குப் பூசை கிடையாது. பன்னிரண்டு வருசத்துக்கு ஒருமுறை திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்துகிற சாதி நாம். அந்த வேகத்தில் மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்து கல்வெட்டுகளை மழுங்கடித்ததும் நாம்தான். பாகனைப் பார்த்து உபதேசம் செய்ய எனக்கு என்ன வாய் இருந்தது?

ஆனால் கொத்தனார் காட்டிய இன்னொன்றையும் சொல்லவேண்டும். அடிச்சுவர் என் தாத்தா காலத்தது, செங்கல்லும் சுண்ணாம்பும். அதில் கீறல்கூட இல்லை. விரிசல் விழுந்தது, தொண்ணூறுகளில் வசூல் செய்து அதன் மேல் தூக்கி வைத்த கான்கிரீட் நிலைகளும் பழைய சுவரும் சேரும் இடத்தில். "கீழ ஒரு மாதிரி ஆடுது, மேல ஒரு மாதிரி ஆடுது, நடுவுல பிய்க்குது" என்று இரண்டு உள்ளங்கையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தேய்த்துக் காட்டினார். பாகனிலும் 2016-இல் உதிர்ந்ததில் பெரும்பகுதி தொண்ணூறுகளில் புதிதாக வைத்த உச்சிகள் என்று அப்போதே எழுதினார்கள். எண்ணூறு வருசச் செங்கல் வளைவு நின்றது. இருபது வருசத்து மகுடம் விழுந்தது. கட்டலாமா விடலாமா என்று நானும் அந்தப் பையனும் வாதாடியதே தப்பான இடத்தில். எவ்வளவு உயரம், எவ்வளவு கனம், எதன் மேல் எதை வைக்கிறோம் என்பதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

கமிட்டிக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். பெரியவர்கள் கேட்டுக்கொண்டார்கள். பிறகு தலைவர், "இதுதாம்மா சந்தர்ப்பம், இருக்கிறத இடிச்சிட்டு அஞ்சு நிலையா எழுப்பிருவோம். ரங்கூன்காரங்க தருவாங்க, மலேசியாவுல கேட்டாத் தருவாங்க" என்றார். "மாமா, அப்பத்தா கூரை வீட்டுல இருந்ததாலதான் இன்னைக்கு நான் இங்க நிக்கிறேன்" என்றேன். அம்மனைக் கூரை வீட்டில் வைக்கச் சொல்கிறாயா என்று யாரோ பின்வரிசையிலிருந்து கேட்க, சிரிப்பு. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "அந்த மலையாளத்தான் ஊரு விட்டு ஊரு வந்து மண்டபமும் கதவும் விளக்கும்தான் வச்சான். கோபுரமா வச்சான்?" என்றார். யாருக்கும் புரியவில்லை. விளக்க அவருக்கும் பொறுமையில்லை. மூன்று நிலையா ஐந்து நிலையா என்பது இந்த நாள் வரை முடிவாகவில்லை. இரண்டு தடவை வரைபடம் போட்டாயிற்று. என் ஓட்டு மூன்றுக்கு, அதுவும் கனம் குறைத்து. முறிந்த கை வகுப்பு மேசையில் இருக்கிறது. ஒட்டுவதற்குக் கொத்தனார் வரும்வரை பிள்ளைகள் அதன் கீழே தாள் பறக்காமல் செருகி வைக்கிறார்கள். திட்டினேன், பிறகு விட்டுவிட்டேன்.

அம்மன் இப்போது பாலாலயத்தில், கோயில் கொல்லையில், தகரக் கூரையின் கீழே இருக்கிறாள். மண்டபத்து நிலைவிளக்கையும் அங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறோம். பின்னதிர்வு வந்த வாரங்களில் ஒவ்வொரு தடவையும் எண்ணெய் சிந்தி, குருக்கள் புலம்பிக்கொண்டே துடைத்தார். போன வாரம் வகுப்பு முடிந்து போகும்போது பார்த்தேன். விளக்கின் இடுப்பில் நைலான் கயிறு சுற்றி, கூரைத் தூணோடு இறுக்கிக் கட்டியிருக்கிறார். "நேராத்தான் நிக்குதா பாருங்க டீச்சர்" என்றார். கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அவிழ்த்து, இரண்டு பேருமாக மறுபடி கட்டினோம்.